டிரெஸ்ஸாஜா, ஜம்பிங்கா, எல்கைப் பந்தயமா: உங்களுக்கு ஏன் அதுதான் பிடிக்கிறது?

வெண்ணாற்றங்கரை:

நம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் இரண்டு குதிரைக்காரர்கள் சந்தித்தால் பேச்செல்லாம் சுழி சுத்தமா, பல் எத்தனை, அந்தியூர் சந்தையில் பிடித்ததா, என்ன விலைக்கு முடிந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. இதை ஏன் செய்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் கேட்கக் காரணம் உண்டு. அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், குதிரை ஏறக் கற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒருநாள் குதிரையைச் சொன்ன இடத்தில் சொன்னபடி அசைய வைக்கிற டிரெஸ்ஸாஜ் வீடியோ பார்க்கிறாள், மறுநாள் தடை தாண்டுகிற ஜம்பிங், அதற்கு மறுநாள் பேராவூரணிப் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயம். எனக்கோ குதிரை என்றால் ஐயனார் கோயில் மண்குதிரைதான் தெரியும். பரிசு, பெருமை எல்லாம் விடுங்கள். உங்கள் வகையில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? அதைச் சொன்னால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

கரிச்சான்:

முதல் ஆளாக வந்துவிடுகிறேன், பெங்களூர்க்காரர்கள் வந்தால் அப்புறம் நமக்குப் பேச இடம் இருக்காது.

எங்களுடையது எல்கைப் பந்தயம், ரோட்டில் எல்லைவரை போய்த் திரும்புகிற குதிரை வண்டிப் பந்தயம். குதிரை மேல் ஏறுவதில்லை, பின்னால் வண்டியில் இருக்கிறோம், அதனால் இது சவாரியில் சேராது என்பவர்கள் ஒரு தடவை போகவர எட்டு மைல் உட்கார்ந்து பார்க்கட்டும். பெரிய குதிரை, நடுக்குதிரை, கரிச்சான் என்கிற சின்னக் குதிரை என்று பிரிவு உண்டு. நான் கரிச்சான், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ரோட்டோரம் நின்று பார்ப்பவனுக்கு வேகம் மட்டும்தான் தெரியும். எனக்குப் பிடித்தது அந்த வேகத்தைப் பிடித்து வைப்பது. குதிரை டிராட்டில், அதாவது துள்ளுநடையில் போகும்போது ஒரு முன்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்காலும் ஒன்றாக விழும், இரண்டே தாளம், தார் ரோட்டில் அது தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் இன்னொரு வண்டி ஏறி வந்தால் நம்முடையதற்கு ரோஷம் வந்துவிடும், நாலுகால் பாய்ச்சலுக்குத் தாவப் பார்க்கும். தாவுவதற்கு முன்னால் தாளம் ஒரு கணம் இடறும். அது காதுக்கு வருவதற்குள் லகானில் விரலுக்குத் தெரிந்துவிடும், வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கனம். அப்போது மோதிர விரலையும் சுண்டு விரலையும் லேசாக மூடித் திறந்தால் போதும், பழைய தாளத்துக்கு வந்துவிடும். பயந்துபோய் இரண்டு கையாலும் இழுத்தால் தலையைத் தூக்கும், வாயைப் பிளக்கும், வண்டி அலையும், பின்னால் வருபவன் தாண்டிப் போய்விடுவான். சவுக்கை வீசத் தெரிந்தவன் ஊருக்கு நூறு பேர் இருக்கிறான். அந்த இரண்டு விரல் தெரிந்தவன் குறைவு. நான் பந்தயத்துக்குப் போவது அந்த இரண்டு விரலுக்காகத்தான்.

எல்லையில் வண்டியைத் திருப்புவது தனிக் கலை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்: கூடவே பைக்கில் ஆரன் அடித்துக்கொண்டு வருகிற கூட்டத்தை ஒழித்தால் இந்த ஆட்டத்தில் பாதி ஆபத்து போய்விடும்.

நேர்கோடு:

கரிச்சான் அண்ணே, நான் தஞ்சாவூர்தான், வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறேன், இடத்தைப் பிடுங்கமாட்டேன். நீங்கள் அந்த இரண்டு விரலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் பயிற்சியாளர் தினமும் கத்துவது அதைத்தான்.

நான் டிரெஸ்ஸாஜ். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சுற்றிலும் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் திரும்பு, அந்த எழுத்தில் கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சலுக்குப் போ, நடுவில் நில், வணக்கம் சொல். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். பார்க்க வந்த என் அம்மா கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு அது வேறு. குதிரை, ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துக்கொள்கிற பிராணி. அவ்வளவு நுணுக்கமாக உணர்கிற உடம்பின் மேல் நாம் மூட்டை மாதிரி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறோம், அது பாவம் பொறுத்துக்கொள்கிறது. டிரெஸ்ஸாஜ் என்பது அந்த ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வலது இடுப்பெலும்பில் எடையை ஒரு நூல் கூட்டுகிறேன், குதிரை ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்புகிறது, அடுத்த அடியில் முதுகு எனக்குக் கீழே மேலெழும்பி வருகிறது. லகானில் கனமே இல்லை, ஆனால் தொடர்பு அறுந்துபோகவும் இல்லை. இப்படி நாலைந்து அடி கிடைத்தால் அன்றைக்கு அது போதும். மறுநாள் கிடைக்காது. அதனால்தான் மறுநாளும் போகிறேன்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியது நினைவிருக்கும், குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்கு அப்புறம் வந்த தங்கம். அதே அணியின் அனுஷ் அகர்வாலா அடுத்த வருஷம் பாரிஸ் போனார், ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியர். ஆனால் உங்கள் அண்ணன் மகளிடம் நான் சொல்ல விரும்புவது டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் கதை. போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், 1952 ஹெல்சிங்கியில், டிரெஸ்ஸாஜில் பெண்களை முதல்முறை அனுமதித்த அந்த ஒலிம்பிக்கிலேயே, ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். ஆண் பெண் பிரிவு இல்லாமல் ஒரே களத்தில் நிற்கிற விளையாட்டு வேறு எத்தனை இருக்கிறது?

தடைதாண்டி:

சிதம்பரத்துக்காரன், புதுச்சேரிப் பக்கம் போய் ஏறுகிறேன். ஜம்பிங்.

டிரெஸ்ஸாஜில் எனக்கு ஒத்துவராதது அந்த மதிப்பெண்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்த நடுவர் 7 போடுவார், அந்தப் பக்கத்தவர் 6 போடுவார், இரண்டும் சரி என்பார்கள். எங்களிடம் அந்தப் பஞ்சாயத்தே இல்லை. கட்டை விழுந்தால் 4 தண்டப்புள்ளி, நின்றால் நின்றது. குதிரை அழகாகத் தாண்டியதா, கோணலாகத் தாண்டியதா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது தாண்டுவதுகூட இல்லை, அதற்கு முந்திய கணக்கு. ஒரு கேன்டர் தாவல் சுமார் 12 அடி. தாண்டி இறங்க 6 அடி, அடுத்ததற்குக் கிளம்ப 6 அடி. ஆகவே இரண்டு தடைக்கு நடுவில் 60 அடி இருந்தால் நாலு தாவல். போட்டிக்கு முன்னால் ஷூவோடு களத்தில் இறங்கி அடியை எண்ணி நடந்து பார்த்துவிட்டு வருவோம். குதிரைக்கு அந்த வாய்ப்பு கிடையாது! போட்டிக்குக் களத்துக்குள் போனபிறகுதான் அது அந்தத் தடைகளையே பார்க்கிறது. அதிலும் கிளம்புகிற கடைசிக் கணத்தில் தடை அதன் நெற்றிக்கு நேர்கீழே வந்துவிடும், அந்த இடம் குதிரையின் கண்ணுக்கு எட்டாது. நேற்றுவரை கொல்லையில் பாலிதீன் பை பறந்ததைப் பார்த்து மிரண்ட பிராணி, தனக்கே தெரியாத ஒன்றின் மேல் என்னை நம்பி எழும்புகிறது. இதைப் பழகிப்போனது என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

நம்மவர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியது ஈவென்டிங்கில், அதில் டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் உண்டு. முதல் நாள் அடக்க ஒடுக்கமாக வட்டம் போட்ட அதே குதிரை அடுத்த நாள் பள்ளத்திலும் தண்ணீரிலும் பாய வேண்டும். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழவாசல் சாரட்டு:

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், நானும் ஒன்று சொல்லலாமா. நாங்கள் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையும் சாரட்டும் விடுகிறவர்கள். அப்பா காலத்தில் ஜட்கா, அது போனதும் இது. எனக்கு என்ன பிடிக்கும் என்றால், குதிரை நிற்பது.

சிரிக்காதீர்கள். தவில் ஒரு பக்கம், பேண்டு செட் ஒரு பக்கம், தலைக்கு மேல் டிரோன், முகத்துக்கு நேரே வீடியோ லைட். மேலே ஏறியிருக்கும் மாப்பிள்ளைக்கு இதற்கு முன் பைக்கைத் தவிர எதிலும் ஏறிப் பழக்கமில்லை, பயத்தில் பிடரியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். திடீரென்று சித்தப்பா முறைக்காரர் யாராவது உற்சாகத்தில் பத்தடி தள்ளி ஆயிரம்வாலாவைக் கொளுத்துவார். அந்த நேரத்தில் குதிரை நாலு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த ஜீவன் அது.

அதை எப்படிப் பழக்குகிறோம் என்றால், முதலில் தூரத்தில் தவில் சத்தம், வாளியில் கொள்ளு. தின்னுகிறதா, சரி, தவில் இன்னும் கொஞ்சம் கிட்டே. தின்பதை நிறுத்திவிட்டால் அன்றைக்கு அதோடு முடிந்தது, தவில் பின்னால் போய்விடும். அவசரப்பட்டு ஒரே நாளில் வெடி போட்டுப் பழக்குகிறேன் என்று கெடுத்தவர்கள் உண்டு, அந்தக் குதிரை அப்புறம் பட்டாசுக் கடைப் பையைப் பார்த்தாலே நடுங்கும். பழகிய குதிரை வெடி சத்தத்துக்கு என்னைத்தான் பார்க்கும். மூக்கைக் கொண்டுவந்து என் தோளில் வைக்கும். நான் சும்மா நின்றால் அதுவும் நிற்கும்.

தடைதாண்டி:

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், அது தொழில் அல்லவா? இங்கே கேட்டது சவாரி வகையைப் பற்றி.

கரிச்சான்:

தம்பி, நீ பணம் கட்டி ஏறுகிறாய், அவர் பணம் வாங்கிக்கொண்டு நிற்கிறார். வேறு என்ன வித்தியாசம்?

நேர்கோடு:

நான் சாரட்டு அண்ணன் கட்சி. எங்கள் தேர்வில் முதல் வேலையே உள்ளே வந்து நடுவில் நாலு காலும் சதுரமாக விழும்படி அசையாமல் நிற்பதுதான். ஒரு பின்கால் தள்ளி நின்றால் மதிப்பெண் போச்சு. வெளிநாட்டுக் குதிரை, சொகுசு லாயம், கைதட்டாமல் பார்க்கிற கூட்டம், இத்தனை இருந்தும் எங்களுக்கு அது வருவதில்லை. கீழவாசலில் ஆயிரம்வாலாவுக்கு நடுவே வருகிறது.

கல்லணைக் கால்வாய்:

நான் போட்டிக்காரன் இல்லை, தூரம் போகிறவன். எண்டூரன்ஸ் என்று உலகம் சொல்கிற வகையின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே நாளில் 160 கிலோமீட்டர் போகிறார்கள். நடுநடுவே மருத்துவர் நிறுத்திப் பார்ப்பார், குறிப்பிட்ட நிமிஷத்துக்குள் இதயத்துடிப்பு 64க்கு இறங்கவில்லை என்றால் முதலாவதாக வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஜெயிப்பதற்குக் குதிரை நன்றாக இருந்தாக வேண்டும் என்று எழுதி வைத்த விளையாட்டு.

டெல்டாவில் குதிரையோடு தூரம் போவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சமவெளிதானே, எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்பார்கள். எங்கே விடுவது? சம்பா அறுத்தபிறகு வயல் காலி என்று நினைத்தால், அறுப்புக்கு முன்னமே உளுந்து தெளித்திருப்பார்கள், கால் வைத்தால் வெட்டு குத்துதான். கொள்ளிடத்து மணல் பார்க்க அழகு, ஆனால் புதைமணலில் ஓட்டினால் முன்கால் தசைநார் வீங்கிவிடும். மிச்சம் இருப்பது புது ஆற்றுக் கரை. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் கரையில் ஆள் நடமாட்டம் ஆரம்பித்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் கரையே சேறு. அதனால் தை கடைசியிலிருந்து வைகாசிவரைதான் என் சீசன். அதிலும் விடிவதற்கு முன்னால் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் லாயத்துக்கு வந்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊற்றுகிறதே ஒழிய காய்வதில்லை, காய்ந்தால்தானே உடம்பு குளிரும்.

எனக்குப் பிடித்தது போய் நிற்கிற நேரம். இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்திவிட்டு, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பேன். முதலில் தடதடவென்று இருக்கும். அப்படியே கேட்டுக்கொண்டு நின்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே இடைவெளி விரிந்துகொண்டே வரும். சும்மா லாயத்தில் நிற்கிற குதிரைக்கு நாற்பதுக்குக் கீழேகூட இருக்கும். என் குதிரை எத்தனை நிமிஷத்தில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அது தாமதமானால், அதற்கு முந்தின நாள் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே உட்கார்ந்திருந்ததைவிட அந்தக் காதோடு குதிரைக்குள் கூடுதல் தூரம் போயிருக்கிறேன்.

ஒரத்தநாட்டு டாக்டர்:

கால்நடை மருத்துவர். குதிரை ஏறத் தெரியாது, அதனால் எல்லார் கட்சியும் எனக்கு ஒன்றுதான்.

நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்று என்னிடம் சொல்லவே வேண்டாம். குதிரையின் காலைத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தடைதாண்டி குதிரைக்கு முன்கால் தசைநார், இறங்கும்போது முழு எடையும் அங்கேதான் விழுகிறது. டிரெஸ்ஸாஜ் குதிரைக்குப் பின்கால் மூட்டு. தார் ரோட்டில் ஓடுவதற்குக் குளம்பும் அதற்குமேல் இருக்கிற சின்ன எலும்புகளும். தூரம் போவதற்கு நீர்ச்சத்தும் உப்பும். சாரட்டுக் குதிரைக்குக் காலே கெடாது, கல்யாண வீட்டில் ஆளாளுக்கு ஊட்டிவிடும் லட்டு, பழம், சோறு எல்லாம் வயிற்றில் இறங்கி ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அப்புறம் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கடற்கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, இங்கே வாங்குகிற குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போகின்றன, அதனால்தான் வருஷா வருஷம் வாங்குகிறார்கள் என்று எழுதி வைத்தார். அவர் எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்றைக்கும் மழைக்காலத்தில் ஈர லாயத்தில் நின்று குளம்பு அழுகி வருகிறது, கடி ஈயால் சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் வருகிறது. பசுவுக்குப் போட்ட கோ-4 புல்லையே குதிரைக்கும் முழுத்தீனியாகப் போடுகிறார்கள். அதில் ஆக்சலேட் அதிகம், நாள்பட்டால் சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு கெடும். அருகம்புல் பாத்தி ஒன்று தனியாகப் போடுங்கள், கோ-4ஐக் குறைத்துக் கலந்து கொடுங்கள். உங்கள் காதல் கதைக்கு நடுவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

தடைதாண்டி:

டாக்டர் சொன்னதால் கேட்கிறேன், ரோட்டுப் பந்தயத்தில் சவுக்கடியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே?

கரிச்சான்:

திறக்கிறேன். அடிக்கிறவன் இருக்கிறான். வாயில் ரத்தம் வர இழுக்கிறவனும் இருக்கிறான், அவன் பக்கத்தில் நான் வண்டி கட்டுவதில்லை. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் உலகமே கொண்டாடிய ஒரு டிரெஸ்ஸாஜ் வீராங்கனை, பயிற்சியில் குதிரைக் காலில் சாட்டை வீசிய வீடியோ வெளியே வந்து விலகியதும் நடந்ததுதானே தம்பி. கோட்டும் தொப்பியும் போட்டால் கை நல்ல கையாகிவிடாது. எங்களில் கெட்டவனை நாங்கள் திட்டுகிறோம், நீங்களும் உங்களில் உள்ளவனைத் திட்டுங்கள்.

நேர்கோடு:

ஒத்துக்கொள்கிறேன். அந்த வீடியோவை இரண்டாவது முறை என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய என்.சி.சி.:

தாமதமாக வந்தேன். கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவன், டென்ட் பெக்கிங் ஆடினேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் நமக்கு அதில் ரூபிந்தர் சிங் பிரார் தங்கம், ஈவென்டிங்கில் ரகுபீர் சிங் தங்கம், அணிக்கும் தங்கம். நேர்கோடு சொன்ன 41 வருஷக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தரையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மரக்கட்டை. முழுப் பாய்ச்சலில் வந்து ஈட்டியால் குத்தித் தூக்க வேண்டும். யோசிக்க நேரமே கிடையாது, அதுதான் எனக்குப் பிடித்தது. பாய்ச்சலில் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு விடும், அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போவேன், கட்டை தானாக வரும். தவறவிட்டால் கேலி செய்வார்கள், திரும்பி வரிசையில் போய் நிற்க வேண்டும். இப்போது முதுகு போய்விட்டது. கோடியக்கரைக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை போவதோடு சரி. ஒரு வகையிலும் சேராத குதிரைகள் அவை, நன்றாகத்தான் இருக்கின்றன.

வெண்ணாற்றங்கரை:

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலில் ஜம்பிங் என்றாள், டாக்டர் எழுதியது வந்ததும் முகம் மாறிவிட்டது, இப்போது சாரட்டு அண்ணனின் குதிரையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எங்கே ஆரம்பிப்பது, சொல்லுங்கள்.

நேர்கோடு:

வகையை இப்போது முடிவுசெய்யவே வேண்டாம். யாரிடம் போனாலும் முதலில் நீளக் கயிற்றில் கட்டிய குதிரை வட்டம் சுற்றும், லகான் கையில் தரமாட்டார்கள், கொஞ்ச நாளில் கால் வைக்கிற அங்கவடியையும் கழற்றிவிடுவார்கள். டிராட்டில் தூக்கித் தூக்கிப் போடும், தொடை எரியும். அதைத் தாண்டி மறுபடி வருகிறவள் என்றால் அப்புறம் வகை தானாகத் தெரியும். ஒன்று மட்டும் பாருங்கள்: கற்றுக்கொடுக்கிற குதிரை வயதானதாக இருக்கட்டும். கற்பவளும் புதிது, குதிரையும் புதிது என்றால் ஆஸ்பத்திரிதான். ஹெல்மெட் இல்லாமல் ஏற்றுகிற இடமாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

கீழவாசல் சாரட்டு:

தாராளமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இது ஆனி மாதம், முகூர்த்தம் இருக்கிறது, ஆடி பிறந்தால் நானும் குதிரையும் சும்மாதான் இருப்போம். ஆனால் வந்தவுடன் ஏற்றமாட்டேன். லாயம் கூட்ட வேண்டும், குளம்பு சுத்தம் செய்யக் கற்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், அது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் குடிக்கும். சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரத்தநாட்டு டாக்டர்:

வருவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். சாரட்டு அண்ணே, குதிரைக்கும் இந்த வருஷம் இன்னும் போடவில்லை, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன்.